சல்லடை மேல் நின்றது

போடியில் எது செத்தாலும் எங்கள் கடை மருந்துதான் காரணம். கோழி செத்தால் எங்கள் மருந்து. கண்மாயில் மீன் மிதந்தால் எங்கள் மருந்து. எண்பத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்ததற்குக்கூட, ஏலத்தோட்டத்துக்கு மருந்தடித்த காற்றுதான் காரணம் என்று கடை வாசலில் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். பதினோரு வருடமாகப் பூச்சிமருந்துக் கடையில் நிற்கிறேன். கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது, கோபம் மட்டும் குறையவில்லை. அதனால், ஐப்பசி மாதத்து மழை நாள் ஒன்றில் வேலுத்தாய் அக்கா செத்த முயல்குட்டி ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தபோது, அவர் வாயைத் திறக்கவே நான் விடவில்லை.

“அக்கா, எங்க மருந்து இல்ல.”

“நான் ஒண்ணுமே கேக்கலையேப்பா.”

“கேக்கத்தான போறீங்க?”

“கேக்கத்தான் வந்தேன். ஆனா நீ நெனைக்கிறதை இல்ல. ஒரே கூண்டு, ஒரே புல்லு, ஒரே தண்ணி. பெருசு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. குட்டி மட்டும் ஒண்ணொண்ணாச் சாகுது. ஒன் மருந்து ஆளு பாத்தா கொல்லும், ஜெகதீஷு?”

பதினோரு வருடத்தில் எனக்குச் சாதகமாக ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வேலுத்தாய் அக்கா என் தெருவில்தான் இருக்கிறார். நாற்பத்தாறு வயது. பிறந்தது ராசிங்காபுரம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டால், “படிப்பு நிக்கல, வாத்தியாரு நிப்பாட்டிட்டாரு. ஒரு வகுப்புக்கு ஒரு கேள்விதான்னு அளவு வச்சாரு, எனக்குக் கட்டுபடியாகல” என்பார். கணவர் ராக்கையா அண்ணன் ஜீப் ஓட்டுகிறார், விடிந்ததும் காய் பறிக்கும் பெண்களை மலைக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். அக்காவுக்கு ஏலக்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் சோலி. இருபத்து நான்கு வருடமாக அதே கிட்டங்கி. கண்ணைக் கட்டிவிட்டு உள்ளங்கையில் ஒரு காயை வைத்தால், பருமன் ஏழு மில்லிமீட்டரா எட்டு மில்லியா என்று சொல்லிவிடுவார். நானே ஒருமுறை சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

ஆனால் கிட்டங்கியில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது விரல் இல்லை, வாய்தான். எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ காய் காயும்போது பச்சை நிறம் ஏன் சிலதில் மட்டும் போகிறது, மழை ஏன் மலையில் கொட்டிவிட்டு நம் பக்கம் வெறும் மேகத்தை அனுப்புகிறது, ஏலத்தில் விலை கேட்பவர்கள் ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்கள். முதலாளியே சலித்துப்போய், “வேலுத்தாயி, ஒன் கேள்விய எல்லாம் மூட்டை கட்டுனா ஒரு லோடு வரும்” என்பாராம்.

முயல் வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். குரங்கணிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஜோடியை ராக்கையா அண்ணனிடம் கொடுத்துவிட்டார். ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து இறங்கிய வெள்ளைக் கடுவனுக்குத் துரை என்று பெயர் வைத்தார் அக்கா. சாம்பல் நிறப் பெட்டைக்குத் துரைசானி. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “கறிக்கா?” அக்கா திருப்பிக் கேட்பார், “ஒங்க வீட்டு நாயக் கறிக்கா வளக்குறீக?” அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கூண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மரச்சட்டம் அடித்த கூண்டு மூத்திரத்தில் ஊறி நாறியது. கம்பி வலை போட்டால் முயலுக்குப் பாதம் புண்ணாகும் என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கிட்டங்கியில் புது மெஷின் வந்து, பழைய ஏழு மில்லி சல்லடைகளைக் கொல்லைப்புறத்தில் தூக்கிப் போட்டார்கள். வட்ட வட்டமாக ஓட்டை போட்ட தகடு. பல வருடம் காய் உருண்டு உருண்டு, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். அக்கா முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, கூண்டுக்கு அடித்தளமாகப் போட்டார். பாதத்தில் குத்தாது, குட்டியின் கால் ஓட்டையில் சிக்காது, மூத்திரம் நிற்காமல் கீழே ஓடிவிடும். தெருவே வந்து பார்த்தது. துரைசானி குட்டி போடப் போட, குட்டிகள் ஒவ்வொரு வீடாகப் போயின. குட்டியோடு சல்லடைக் கூண்டும் போயிற்று. ஒன்பது வீடு. எல்லாம் அக்கா கையால் செய்தது. நான்கைந்துக்குக் கதவு மாட்டிக் கொடுத்தது நான்.

அந்த ஒன்பதில் ஒன்று கருத்தம்மா அக்காவின் வீடு. மூன்று வீடு தள்ளி இருக்கிறார். கணவர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கிட்டங்கியில் பத்தொன்பது வருடமாக வேலுத்தாய் அக்காவுக்கு நேர் எதிரே சாக்கு விரித்து உட்கார்ந்து காய் பொறுக்கியவர். இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சோறு கொண்டுபோவார்கள். அந்த அளவுக்கு ஒட்டு.

புரட்டாசியில் கருத்தம்மா வீட்டுக் குட்டிகள் ஐந்தும் பத்தே நாளில் செத்துப்போயின. வேலுத்தாய் அக்கா போய்ப் பார்த்தார். கூண்டுக் கதவைத் திறந்ததும் ஈர நாற்றம் அடித்தது. நாலு பேர் கூடி நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் கொட்டிவிட்டார்.

“ஏத்தா, இது முயல் வளக்குற கூடா? ஒரு நாளாவது கழுவுனியா? ஒன் கை சுத்தமில்லாமத்தான் இந்தப் பிஞ்சுக செத்துருக்கு.”

கருத்தம்மா கூண்டுக் கதவைச் சாத்தினார். மறுநாள் கிட்டங்கியில் தன் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து ஐந்து வாரமாகப் பேச்சு இல்லை. வேலுத்தாய் அக்காவுக்கு எதிரே அந்த இடம் காலியாகவே கிடந்தது. வேறு யாரையும் அங்கே உட்கார அக்கா விடவும் இல்லை.

இப்போது அவர் வீட்டிலேயே ஏழு குட்டியில் மூன்று போய்விட்டது. கடையில் உட்கார்ந்து டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “எங்கை சுத்தம்தானப்பா? ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை தண்ணியடிச்சுக் கழுவுறேன். அப்புறம் ஏன் சாகுது? சுத்தமான கையிலயும் சாகுதுன்னா, அன்னைக்கு நான் கருத்தம்மாளச் சொன்னது என்னத்துக்கு ஆச்சு?”

அவரைப் பிடித்து ஆட்டியது அதுதான். முயல் சாவதும் வருத்தம்தான், ஆனால் அந்தச் சொல் அவர் தொண்டையிலேயே முள்ளாக நின்றது.

வீட்டுக்குப் போனவர் சும்மா இருக்கவில்லை. மிச்சம் இருந்த நான்கு குட்டியை இரண்டு இரண்டாகப் பிரித்தார், கிட்டங்கியில் சந்தேகப்பட்ட காயை இரண்டு குவியலாக வைப்பதுபோல. இரண்டு குட்டி சல்லடைக் கூண்டிலேயே தாயோடு. அவற்றுக்கு மருந்தடிக்கும் ஏலத்தோட்டத்து மலைப் புல் கிடையாது, வீட்டுக் கொல்லையில் வளர்ந்த முருங்கைக்கீரையும் வேலிமசால் தழையும் மட்டும். மற்ற இரண்டையும் அகல அகலமாக இடைவெளி விட்ட பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டியில் வைத்து, செங்கல் மேல் தூக்கி நிறுத்தி, ராக்கையா அண்ணன் மலையிலிருந்து கொண்டுவந்த அதே புல்லைப் போட்டார். புல்லில் குற்றம் என்றால் பெட்டிக் குட்டி சாகவேண்டும். கூண்டில் குற்றம் என்றால் கூண்டுக் குட்டி.

நான்காம் நாள் சாயங்காலம், கடையில் கூட்டம் நிற்கும்போது வந்து, வாசலில் இருந்தே கத்தினார். “ஜெகதீஷு! ஒன் மருந்து இல்லப்பா! பெட்டிக்குட்டி ரெண்டும் துள்ளுது!”

நின்ற விவசாயிகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு யாரோ மாலை போட்டதுபோல இருந்தது. ஆனால் அக்கா முகத்தில் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கூண்டில் இருந்த ஒரு குட்டி வயிறு உப்பி, கழிந்து, காதைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டது. “புல்லு இல்லன்னா கூண்டு. எங்கூண்டுல அப்படி என்னதான் இருக்கு?” என்றார்.

மறுநாள் என் வண்டியில் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். அட்டைப்பெட்டியில் குட்டி, ஒரு சின்ன டப்பாவில் புழுக்கை. அங்கே சிவரஞ்சனி என்று ஒரு டாக்டர், சின்ன வயதுதான். குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். புழுக்கையைக் கரைத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதப் போனவரிடம் அக்கா கேட்டார்.

“மேடம், நானும் பாக்கலாமா?”

டாக்டர் சிரித்துக்கொண்டே இடம் விட்டார். அக்கா ஒற்றைக்கண்ணை மூடிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்னால் ஒருவர் காளையோடு காத்திருந்தார்.

“முட்டை முட்டையா இருக்கு மேடம். சிலது உருண்டை, சிலது நீட்டம். இதுலயும் தரம் இருக்கா?”

“வகை இருக்கும்மா. ஒருவகை குடலைத் தாக்கும், ஒருவகை ஈரலைத் தாக்கும். கோழிக்கு ரத்தக்கழிச்சல்னு சொல்றோம்ல, அந்த மாதிரி ஒரு ஒட்டுண்ணி. பெரிய முயல் தாங்கிக்கும், நோய் வெளிய தெரியாது. ஆனா அதோட புழுக்கையில இந்த முட்டை வந்துக்கிட்டே இருக்கும். பால் மறக்குற குட்டி வாயில அது போச்சுன்னா, தாங்காது.”

அக்கா யோசித்தார். “அப்ப ஒரு சந்தேகம். முயலு தம் பின்னாடி வாய வச்சு தன் புழுக்கையத் தானே திங்குதே, நான் பாத்துருக்கேன். அப்படின்னா ஒலகத்துல ஒரு முயலும் மிஞ்சாதே, ஏன் மிஞ்சுது?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இதை இங்க வந்த யாருமே கேட்டதில்ல. அது திங்கிறது அப்பவே வர்ற மெத்துன்னு இருக்கிற புழுக்கை. அதுல இருக்கிற முட்டை இன்னும் காய். வெளிய ஈரத்துல ரெண்டு மூணு நாள் கிடந்தாத்தான் அது பழுக்கும். பழுத்தது வாய்க்குள்ள போனாத்தான் நோய். அதுக்கு முன்னாடி அப்புறப்படுத்திட்டா பயமில்ல. பச்சத்தண்ணி ஊத்துனா அது சாகாது, இன்னும் வசதியா இருக்கும். கொதிக்கிற வெந்நீரும் நல்ல வெயிலும்தான் அதுக்கு எமன். புது முயல் வாங்குனாலும் மூணு வாரம் தனியா வச்சிப் பாத்துட்டுத்தான் சேக்கணும்.” தண்ணீரில் கலக்க மருந்து எழுதினார். எழுதிக்கொண்டே, “அடியில வலைதானே போட்டிருக்கீங்க? புழுக்கை கீழ விழுந்துருதுல்ல?” என்றார்.

“விழுந்துரும் மேடம். நான் செஞ்ச கூண்டு” என்றார் அக்கா, தலையை நிமிர்த்தி.

அடுத்த நாள் நடந்ததை அவர் வாயால் கேட்டேன். கிட்டங்கியில் சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தாராம். ஏழு மில்லி சல்லடை. கீழே பொடிக்காய் உதிர்ந்து குவிகிறது, மேலே எட்டு மில்லி தங்கி உருள்கிறது. இருபத்து நான்கு வருடமாகப் பார்க்கிற காட்சி. கை ஆட்டிக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. இதுவரை அரைநாள் லீவு கேட்காத மனுஷி, முதலாளியிடம் சொல்லிவிட்டு வெரசா வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் சாப்பாட்டுக்கு வந்த நேரம். என்னைக் கூப்பிட்டார். கொல்லையில் துரையையும் துரைசானியையும் வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, கூண்டைப் பிரித்துப் போட்டிருந்தார். முன்னால் இரண்டு குவியல். ஒன்று கூண்டுக்குக் கீழே தரையில் விழுந்த புழுக்கை. இன்னொன்று சல்லடையின் மேல், புல் விரிப்புக்கு அடியில், மூலையில் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, ஏலக்காய் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீழ விழுந்தது பூராம் அஞ்சு, ஆறு. குட்டி போட்டது. ஒரு எட்டு இல்லப்பா. தாய் போட்டது ஒண்ணுகூட விழல.” மற்றக் குவியலைக் காட்டினார். “எட்டெல்லாம் இங்க நிக்கிது. ஏழு மில்லிச் சல்லடை எட்டைக் கீழ விடுமா? விடாது. அதுக்குத்தான அதுக்குப் பேரு சல்லடை. இந்தச் சோலியிலேயே மூழ்கிக் கெடக்குறவ நான். எனக்குத் தெரியலையே.”

கீழே புழுக்கை குவிவதைத் தினமும் பார்த்திருக்கிறார், அதனால் எல்லாம் விழுகிறது என்றே நினைத்திருக்கிறார். நோயைச் சுமக்கும் தாயின் புழுக்கை மட்டும் மேலேயே தங்கி, இந்த வருடத்து ஓயாத மழை ஈரத்தில் கிடந்து, பழுத்து, அதன் மேலேயே குட்டிகள் புரண்டு மேய்ந்திருக்கின்றன. ஏலக்காய் தரம் பிரிக்கத் தெரியாத ஒருத்தி இந்தக் கூண்டைச் செய்திருக்கவே மாட்டாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதவு மாட்டிக் கொடுத்த எனக்கும் குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை.

கையில் மாட்டியிருந்த பையைக் கழற்றிப் போட்டார். பிறகு, “கருத்தம்மா” என்று மட்டும் சொன்னார்.

அன்றே விரல் நுழைகிற அகலத்துக்குக் கனமான வலை வாங்கிவந்து, படுத்துக்கொள்ள ஒரு ஓரமாகப் பலகையும் வைத்து, அடித்தளத்தை மாற்றினோம். சட்டங்களைக் கொதிக்கும் வெந்நீர் ஊற்றி, மலை மேல் மேகம் விலகிய இரண்டு மணி நேர வெயிலில் காயவைத்தோம். மருந்து கொடுத்தும் அந்த வயிறு உப்பிய குட்டி பிழைக்கவில்லை. மற்ற மூன்றும் தின்ன ஆரம்பித்தன.

அடுத்த மூன்று நாளும் அக்கா வீடு வீடாகப் போனார். தகடு வெட்டும் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். “நான் செஞ்ச கூண்டு தப்பு, மாத்தித் தர்றேன்” என்று சொல்ல அவர் கூச்சப்படவே இல்லை. சில வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், நல்லாத்தானே இருக்கிறது என்று முரண்டு பிடித்தார்கள். அங்கே ஒரு கைப்பிடி புழுக்கையைச் சல்லடையில் கொட்டி, ஆட்டிக் காட்டினார். அதன் பிறகு பேச்சில்லை. எட்டு வீடு முடிந்தது. ஒன்பதாவது வீட்டு வாசலை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே, “வாங்கக்கா” என்று முன்னால் நடந்தேன்.

கருத்தம்மா கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. வேலுத்தாய் அக்கா மூச்சு விடாமல் சொன்னார்.

“கருத்தம்மா, ஒன் கை சுத்தம்தான். எங்கூண்டுதான் கொன்னுச்சு. எனக்கும் நாலு செத்துப்போச்சு. நாலு பேரு முன்னாடி ஒன்னயச் சொன்னேன், இப்ப அந்த நாலு பேருகிட்டயும் போயி என்னயச் சொல்லிட்டு வந்துட்டேன். ஒங்கிட்ட சொல்லத்தான் கால் வரல.”

கருத்தம்மா உள்ளே நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். கொல்லையில் அந்தக் கூண்டு இருந்தது. முயல் இல்லாத கூண்டு, ஆனால் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ஒரு குடம்.

“தெனமும் கழுவுனேன் வேலு. காலையில ஒரு கொடம், சாயந்தரம் ஒரு கொடம். பிஞ்சுகளுக்கு நாத்தம் ஆகாதுன்னு நானாத்தான் செஞ்சேன். அன்னைக்கு நீ கேட்டப்ப வாயே வரல. கழுவியும் செத்துப்போச்சேன்னு எனக்கே ஒரு மாதிரி பயமா இருந்துச்சு. இப்பவும் ஏன்னே தெரியாம கழுவிக்கிட்டு இருக்கேன்.”

எனக்குச் சுரீரென்றது. டாக்டர் சொன்னது அக்காவுக்கும் அந்த நொடியில் ஞாபகம் வந்திருக்கும். ஊற்றிய தண்ணீரில் புழுக்கை கரைந்து ஓட்டையை அடைத்து, கூண்டு காயவே காயாமல் இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சல்லடையை வெட்டி எடுத்தோம். புது வலையை நான் ஆணியடித்தேன். “டாக்டரம்மா சோதிச்சு, நோய் இல்லன்னு சொன்னதும் ஒரு குட்டி கொண்டாறேன்” என்றார் வேலுத்தாய் அக்கா.

“அந்த டாக்டரு எழுதுன சீட்டையும் சேத்துக் கொண்டா. ஒம்பேச்ச நம்பி இனிமே நான் எதையும் வாங்க மாட்டேன்” என்றார் கருத்தம்மா. ஆறு வாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். வேலுத்தாய் அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்துவிட்டு, அக்கா திரும்பினார்.

“இனிமே பச்சத்தண்ணி ஊத்தாத கருத்தம்மா. கூட்டிச் சுத்தம் பண்ணு. கழுவணும்னா கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்தி, வெயில்ல நல்லாக் காயப் போடு.”

“ஏன்?”

நான் வேலுத்தாய் அக்காவைப் பார்த்தேன். வகுப்புக்கு ஒரு கேள்வி போதாது என்று படிப்பை விட்டவர், மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிராதவர், எதற்கும் காரணம் தெரியாமல் தூங்காதவர். காரணம் தெரிந்தும் அதை விழுங்கிக்கொண்டார்.

“அது அப்படித்தான்” என்றார்.

கருத்தம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கொல்லையில் இருந்த குடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வெந்நீர் வைக்க அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனார்.